எல்லாருக்கும் முறை வைத்தவர்

வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என் பெயரைக் கேட்கவில்லை. "உங்கம்மா பொறந்த ஊரு எது?" என்றுதான் கேட்டார்.

சுரங்கத்தில் நிலக்கரியைச் சுமந்து ஓடுகிற ரப்பர் பெல்ட் கிழிந்துபோனால் அதை வெட்டி, பசை தடவி, சூட்டில் அழுத்தி ஒட்டுகிற கான்ட்ராக்ட் கேங் எங்களுடையது. அவர் அதில் மூத்த கை. நான் டிப்ளமோ முடித்திருந்ததால் எனக்கு சூப்பர்வைசர் என்று பெயர். எங்கள் குடும்பத்தில் அதுவரை பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் வேலை செய்தவர்கள். அதனால் சூப்பர்வைசர் என்றால் எப்படி நிற்க வேண்டும், கையை எப்படிக் கட்ட வேண்டும் என்று முந்தின நாள் முழுக்க யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்ட கேள்வியில் அதெல்லாம் மறந்துவிட்டது.

"முத்தாண்டிக்குப்பம் பக்கத்துலங்க."

பசை பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பது மாதிரி உதடு அசைந்தது. பிறகு முகம் மலர்ந்தது.

"அப்ப உங்கம்மாவுக்கு நான் அண்ணன் மவன் மொறை ஆவறேன். நீ எனக்கு மச்சான். சின்னவனா இருக்க, அதனால மாப்ள. நீ என்ன மாமான்னு கூப்புடு."

"சூப்பர்வைசர மாப்ளன்றியே, நாளைக்கி உனக்கு லீவு குடுப்பானா?" என்று கேங்கில் ஒருவர் கேட்டார்.

"மாமனுக்கு குடுக்காம யாருக்குடா குடுப்பான்?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் மாப்பிள்ளை.

நெய்வேலி நகரியத்தில் இது நடக்கிற காரியமில்லை. எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்து எண் போட்ட பிளாக்குகளில் குடியிருக்கிறார்கள். எதிர் வீட்டுக்காரரும் சார், பக்கத்து வீட்டுக்காரரும் சார். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்துவிட்டு, ரிட்டயர் ஆகும்போது 'வரேன் சார்' என்று சொல்லிவிட்டுப் போகிற ஊர். அவரால் அதைச் சகிக்க முடியவில்லை. அவரிடம் எல்லாருக்கும் ஒரு முறை இருந்தது. முறை இல்லை என்றால் எங்கிருந்தாவது பிடித்து வருவார். திருநெல்வேலிக்காரர் ஒருவர், கிரேன் ஆப்பரேட்டர். அவருக்கும் எங்கள் கடலூர்ப் பக்கத்துக்கும் எந்த ஒட்டும் கிடையாது. "அவரு சம்சாரமும் எங்க அத்தையும் ஒரே ஆஸ்பத்திரில, அடுத்தடுத்த கட்டில்ல புள்ள பெத்தாங்க. எங்க அத்தைக்குப் பால் இல்லாதப்ப அந்தம்மாதான் குடுத்துச்சாம். அப்ப அவரு எனக்கு யாரு? மாமா!" அந்த ஆப்பரேட்டர் முதலில் சிரித்தார். பிறகு தீபாவளிக்கு இவருக்கு அல்வா கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"மொறை இல்லாத ஆள்கிட்ட எப்புடி மாப்ள பேசறது? கைய எங்க வைக்கறதுன்னே தெரியல" என்றார்.

வேடிக்கைக்கு வைக்கிற முறை இல்லை அது. வைத்துவிட்டால் சட்டம். எங்கள் கேங்குக்கு டீ கொண்டுவரும் அம்மாவை வந்த புதிதில் 'சின்னம்மா' என்று ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாவுக்கு ஒரு பெண் இருந்தாள், பண்ருட்டியில் துணிக்கடையில் வேலை. நல்ல பெண். அந்த அம்மாவுக்கு இவரைப் பிடித்திருந்தது. குடிப்பதில்லை, அம்மாவை வைத்துக் காப்பாற்றுகிறார். கேங்கில் வயதானவர் ஒருவரிடம் அந்த அம்மா ஜாடையாகச் சொல்லி அனுப்பினார். கேட்டதும் இவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"தங்கச்சிய எப்புடிண்ணே?"

மறுநாள் டீ பாத்திரத்தைத் தொப்பென்று வைத்துவிட்டு அந்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். "ஏம்பா, நானாப்பா சொன்னேன், என்ன சின்னம்மான்னு கூப்புட சொல்லி? அத்தைன்னு கூப்புட்டிருந்தா உன் வாயி வெந்துடுமா?"

கேங்கே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. "சின்னம்மா, சர்க்கரை கம்மியா இருக்குது" என்றார். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு அண்ணன் முறையில் முன்னால் நின்று பரிமாறியதும் இவர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

மேற்கு மாவட்டத்திலிருந்து வந்த பர்மனென்ட் ஊழியர் ஒருவர் எங்கள் செக்‌ஷனுக்கு மாற்றலாகி வந்தார். மரியாதையான மனிதர். தெர்மோ ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி கொண்டுவந்து எங்களுக்கும் ஊற்றுவார். இவர் வழக்கம்போல் எதையோ பிடித்து, "அப்ப நீங்க எனக்கு மாமா ஆவறீங்க" என்றார். அந்த மனிதர் கையில் இருந்த டம்ளர் நின்றது. அவருக்குக் கல்லூரிக்குப் போகிற ஒரு மகள் இருந்தாள். எங்கள் ஊர் எது, தெரு எது என்பதும் அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. குரலை உயர்த்தவில்லை. "சார்னே கூப்பிடுங்க தம்பி. அது போதுமுங்க" என்றார்.

எனக்குத்தான் முகம் எரிந்தது. பெல்ட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு சர்வ சாதாரணமாக, "சரிங்க பெரியப்பா" என்றார்.

அந்த மனிதரின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். மாமா என்றால் மகள் கட்டிக்கொள்கிற முறை. பெரியப்பா என்றால் மகள் தங்கச்சி. அதற்குப் பிறகு அந்த மனிதர் அவரை வீட்டுக்கே கூப்பிட்டிருக்கிறார், இவரும் போய் மகள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். "பயப்படறவங்கள பெரியப்பா ஆக்கிடணும் மாப்ள. அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் ஒரு வூடு" என்றார் என்னிடம். அன்று அவரை நினைத்துப் பெருமைப்படுவதா, அழுவதா என்று எனக்கு விளங்கவில்லை. இன்றும் விளங்கவில்லை.

கான்ட்ராக்ட் பர்மனென்ட் ஆகும் ஆகும் என்று காத்திருந்து அலுத்துப்போய், ஒரு ஏஜென்ட் மூலம் வெளிநாடு கிளம்பினார். சுலைமானியா பக்கத்தில் ஒரு சிமென்ட் தொழிற்சாலை. பெல்ட் எங்கே கிழிந்தாலும் பெல்ட்தான். அவர் அம்மாவுக்கு அது எந்த நாடு என்று விளங்கவில்லை.

"மேப்புல ஈராக்குதாம்மா. ஆனா அங்க போயி ஈராக்குன்னு சொன்னா மொகம் சுண்டிடுமாம். குர்திஸ்தான்னு சொல்லணுமாம்."

"நம்மள மாதிரிதான் போல" என்றார் அந்த அம்மா. எதை வைத்துச் சொன்னாரோ.

போய்ச் சேர்ந்த வாரத்திலேயே வீடியோ காலில் முறை வைக்க ஆரம்பித்துவிட்டார். அங்கே பெயருக்கு முன்னால் 'காக்' என்று சொல்கிறார்கள், அண்ணன் என்று அர்த்தம், ஆபீசரைக்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டார். வேலையாட்களை ஏற்றி இறக்கும் வேனுக்கு நரைத்த மீசைக்காரர் ஒருவர் டிரைவர். அவர் 'டிரைவர் மாமா' ஆனார். சூடான பிரஸ்ஸில் கை பட்டுக் கொப்புளம் வந்தபோது தொழிற்சாலை கிளினிக்கில் கட்டுப் போட்ட நர்ஸுக்கு மட்டும் அவர் எந்த முறையும் சொல்லவில்லை. நான் கவனித்தேன். கேட்கவில்லை.

ஒருநாள் பிளான்ட்டில் வேலை செய்கிற ஒருவரின் கல்யாணத்துக்கு இவரையும் கூட்டிப்போயிருக்கிறார்கள். பெண் கேட்கப் போனதிலிருந்தே இவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அதைச் சொல்லி மாளவில்லை அவருக்கு.

"பத்து பேரு போறோம் மாப்ள, பெரியவங்கள முன்னால வுட்டுகினு. டீ கொண்டாந்து வைக்கறாங்க. யாரும் தொட மாட்றாங்க. நான் கைய நீட்டிட்டேன், பக்கத்துல இருந்தவன் தொடைய கிள்ளிட்டான். பெரியவரு பேசி, பொண்ணோட அப்பா சரின்னு சொன்னதும்தான் டீய எடுக்கறாங்க. ஆறிப்போன டீ. ஆனா என்னா சந்தோசமா குடிக்கறாங்கன்ற! இன்னொண்ணு கேட்டியா, நகைய மாப்ள வூட்டுலதான் போடணுமாம்."

என் பக்கத்தில் இருந்த அவர் அம்மாவுக்கு இது காதில் விழுந்துவிட்டது. "நாமளா? பொண்ணுக்கா? அந்த ஊர்ல போயி ரெண்டு பொண்ணு பெத்திருக்கலாம் நானு!"

கல்யாணத்தில் ஆட்டம். மினுமினுக்கிற உடைகளில் ஆணும் பெண்ணும் வரிசையாகக் கைகோத்து, தோளோடு தோள் உரச ஆடியிருக்கிறார்கள். "யாரு யாருக்கு என்னா மொறைன்னு பாக்காம ஆடிகினு இருக்காங்க மாப்ள! நான் ஓரமா நின்னேன். இழுத்து வுட்டுட்டாங்க. இந்தப் பக்கம் டிரைவர் மாமா. அந்தப் பக்கம் யாரோ சுண்டுவெரல புடிக்கறாங்களேன்னு திரும்பிப் பாத்தா அது."

அது என்றால் நர்ஸ்.

"மூணு எட்டு முன்னால, ரெண்டு எட்டு பின்னால. எனக்குக் காலே வரல. அது சிரிக்குது. ஆனா வெரல வுடல."

அதன் பிறகு நான் அவருக்கு இங்கிலீஷ் ஆனேன். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியும், இவருக்குப் பாதிதான் தெரியும். அவர் சொல்வதை நான் எழுதி அனுப்புவேன், அவர் அதைப் பார்த்து அவளுக்குப் படித்துக் காட்டுவார். ஒருநாள் எங்கள் ஊர்க் கல்யாண முறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தவர், அக்கா மகளைக் கட்டிக்கொள்வது உண்டு, அம்மா தனக்கும் பெரியம்மா வழி அக்கா ஒருத்தியின் மகளை யோசித்து வைத்திருந்தாள் என்று சொல்லியிருக்கிறார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாளாம். அக்கா மகள் என்றால் உன் குழந்தை மாதிரி இல்லையா என்று கேட்டாளாம். இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இங்கே சரியாக இருப்பது அங்கே தப்பாக இருந்தால், அங்கே சரியாக இருப்பது ஒன்று இங்கே தப்பாக இருக்குமே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மதம் ஒன்று குறுக்கே நின்றது. கட்டுவதென்றால் இவர் அவர்கள் மார்க்கத்துக்கு வர வேண்டும். வருகிறேன் என்றுவிட்டார். அவர் அம்மா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு என் வீட்டுக்கு வந்து, "அவனுக்குப் பேர மாத்துவாங்களாப்பா?" என்று கேட்டார்.

"மாத்தலாங்க அத்தை."

"வெளில என்னா பேர்னா வெச்சுக்கட்டும். வூட்டுல நான் பழைய பேர்லதான் கூப்புடுவேன். அத மட்டும் சொல்லிடு."

அந்தப் பெண்ணோடு வீடியோவில் பேச வைத்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அந்த அம்மா, "நம்மூரு வெயில் தாங்குமான்னு கேளு" என்றார். கேட்டேன். இங்கே பனி கொட்டும், அவர் அம்மா தாங்குவார்களா என்று அவள் கேட்டாள். "அப்ப ரெண்டு பேரும் நடுவுல எங்கனா வூடு பாத்துகினு இருங்க, நான் வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார் அம்மா. அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்தப் பெண் சிரித்தாள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது நடந்துவிடும் என்றே தோன்றியது.

அவள் கேட்டது ஒன்றுதான். பெரியவர்களை அனுப்பு. எங்கள் வீட்டில் வந்து முறைப்படி கேட்கட்டும். அப்பா கல்மனசுக்காரர் இல்லை. எங்கள் தெருவிலேயே வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டவள் இருக்கிறாள். ஆனால் தனியாக வந்து நிற்காதே. தனியாக வருகிறவனுக்குப் பெண் தர மாட்டார்கள்.

அங்கே அவருக்குப் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள்? அம்மாவுக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. நான் போக முடியாது. அவர் யோசித்தார். அவர் யோசிக்கிற விதம் ஒன்றுதானே, முறை.

அந்தப் பெண்ணுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளைகள் இல்லை. ஆனால் பெரியப்பா மகன் ஒருவர் இருந்தார். பிளான்ட்டில் ஸ்டோர் பொறுப்பு. அவருடைய அப்பா எப்போதோ ஒரு சண்டையில் இறந்துபோனதால் சித்தப்பா வீட்டிலேயே, அந்தப் பெண்ணோடு, வளர்ந்தவர். இவரிடம் நல்ல பழக்கம். குளிருக்குத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர்.

போனில் அவர் குரலில் அப்படி ஒரு தெளிவு. "பெரியப்பா மவன் மாப்ள. ஒரே வூட்டுல, ஒரே சட்டியில துன்னு வளந்தவங்க. கூடப் பொறந்த அண்ணன் மாதிரி. அண்ணன்கிட்ட மறைச்சு தங்கச்சிகிட்ட பேசிகினு இருக்கறது தப்பு. அவருகிட்டயே போயி சொல்றேன். நீங்களே எனக்குப் பெரிய மனுசனா முன்னால நின்னு, சித்தப்பாகிட்ட கேளுங்கன்னு சொல்றேன்."

"நல்ல யோசனை மாமா" என்றேன். அவர் அம்மாவும், "அண்ணங்காரன் ஒத்துகினா பாதி கல்யாணம் முடிஞ்ச மாதிரி" என்றார். முத்தாண்டிக்குப்பத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பெண்ணிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நல்ல சேதியாகப் போய்ச் சொல்லலாம் என்று.

ஸ்டோர் ரூமில் பெரியப்பா மகன் டீ போட்டுக் கொடுத்தாராம். இவர் எல்லாவற்றையும் சொன்னார். தெரிந்த நாலு வார்த்தை குர்தி, பாதி ஆங்கிலம், மிச்சத்துக்குக் கை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் நெஞ்சில் கை வைத்து, 'என் கண் மேல்' என்றார். அங்கே எதைக் கேட்டாலும் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை அது. பிறகு காரில் ஏற்றி, வேலையாட்கள் தங்குகிற கேம்ப் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் பேசவில்லை. இறங்கும்போது கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"ஒத்துகினாரு மாப்ள!" அவர் போனில் அழுதார். "டீய மட்டும் குடிக்கல. ஆறிப்போச்சு. இன்னொரு நாளைக்கி எல்லாருமா குடிப்போம்னு இருக்காரு போல."

டிரைவர் மாமாதான் இரண்டு நாள் கழித்து, வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, இவருக்கு எடுத்துச் சொன்னவர். பெரியப்பா மகன் அங்கே அண்ணன் இல்லை. பெண்ணின் மேல் முதல் பாத்தியதை அவருக்குத்தான். அவர் வேண்டாம் என்று ஒதுங்கினால்தான் வெளியே கொடுப்பார்கள். இப்போது பட்டணத்தில் பலர் இதையெல்லாம் பார்ப்பதில்லை, ஆனால் அந்த வீட்டில் பார்ப்பார்கள். யாரும் வந்து கேட்காதவரை அந்த மனிதர் அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. ஒரு வெளியாள் வந்து, உனக்கு உரிய பெண்ணை எனக்காக நீயே போய்க் கேள் என்று சொன்ன பிறகு, அவர் சும்மா இருக்க முடியாது. இருந்தால் நாளைக்கு ஊரில் நடக்க முடியாது. அன்று சாயங்காலமே சித்தப்பா முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டார். இறந்துபோன அண்ணன் மகன் கேட்கிறான். அந்த அப்பா என்ன சொல்வார்?

"வேற யாரையாவது கூட்டிகினு போயிருந்தா குடுத்துருப்பாங்களான்னு கேட்டேன் மாப்ள. தெரியாது, ஒருவேளைன்னாரு. இந்தக் கதவ மட்டும் நீ தட்டியிருக்கக் கூடாதுன்னாரு."

போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படித்தவன், யாரிடமாவது பேசு, ஏதாவது எழுதிப் போடு என்று அவர் அம்மா என் கையைப் பிடித்தார். யாருக்கு எழுதுவது? என்ன என்று எழுதுவது? எங்களுக்குத் தெரியாமல் நடந்த தவறு, மன்னித்து, அண்ணனாகவே இருந்துவிடுங்கள் என்றா?

நிச்சயமாகி, தேதி குறித்துவிட்டார்கள். அவள் கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போனை எடுக்கவில்லை. இவர் தினமும் பெல்ட் ஒட்டினார், கேம்புக்கு வந்தார், தூங்கினார். ஸ்டோருக்குப் போக வேண்டிய வேலையை மட்டும் வேறு ஆளிடம் சொன்னார். ஒருநாள் பகலில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் பேச்சில்லை. தூரத்தில் மேளமும், ஒரு குழல் வாத்தியமும்.

"கேக்குதா மாப்ள?"

"கேக்குது மாமா."

"நம்ம நாயனம் மாதிரியே இல்ல?"

போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார். வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தமும் வந்தது. அது அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தார். மெலிந்திருந்தார், வேறு மாற்றம் இல்லை. பெண்ணை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை அதுவரை அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னதும் அந்த அம்மா, "அய்ய கண்றாவி! பெரியப்பன் புள்ளைக்கா? அண்ணன் தங்கச்சிக்கா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் அம்மாவை அதட்டி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "அவங்களுக்கு அதாம்மா மொறை! மொறைய தப்பா பேசாத!"

ஒடிசாவில் ஒரு சுரங்கத்துக்குப் போவதற்கு முன் சில மாதம் எங்களோடு மறுபடி வேலை செய்தார். இப்போது அவர் நம்பர் என்னிடம் இல்லை. அந்த மாதங்களில்தான், ஒருநாள் ஷிப்ட் முடிந்து இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, என் போனுக்கு அழைப்பு வந்தது. வெளிநாட்டு எண். அவர் பழைய எண்ணை விட்டுவிட்டதால் அவளிடம் இருந்தது என் எண்தான்.

கிளினிக்குக்குத் திரும்பவும் வர விட்டிருக்கிறார்களாம். அங்கிருந்து பேசுவதாகச் சொன்னாள். அவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தேன். அவள் பேசியது ஆங்கிலம். நான் அன்று அவருக்குச் சொன்ன மாதிரியே தமிழில் எழுதுகிறேன்.

"எனக்குக் கோபம் இல்லை. ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அத்தனை பேர் இருக்கும்போது ஏன் அவரிடம் போனீர்கள்?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அண்ணனாச்சே. அண்ணனுக்குத் தெரியாம கேட்டா திருட்டுத்தனம் இல்லயா? அத சொல்லு மாப்ள."

சொன்னேன். போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அவர் என்னை அதுவரை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை" என்றாள். "ஜெர்மனிக்குப் போவதிலேயே குறியாக இருந்தார். யாரும் கேட்காமல் இருந்திருந்தால் போயிருப்பார். கெட்ட மனிதர் இல்லை. இப்போது நாங்கள் ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருக்கிறோம்."

"என்னா சொல்லுது?"

கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமையில்லை. அப்படியே சொன்னேன். ஷிப்ட் பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் ஏறவில்லை.

"உங்கள் ஊரில் அண்ணனிடம் போய்க் கேட்பதுதான் வழியா?" என்று கேட்டாள்.

"ஆமான்னு சொல்லு."

சொன்னேன்.

"அப்படியென்றால், நான் உங்கள் ஊரில் பிறந்திருந்தால், இவர் போய்க் கேட்டதும் என் அண்ணன் என்னைக் கொடுத்திருப்பாரா?"

என்னால் உடனே அதைத் தமிழாக்க முடியவில்லை. எங்கள் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் பெண் கேட்டுப் போனவர்கள் யார் யார், போய் எப்படித் திரும்பி வந்தார்கள், யார் திரும்பவே இல்லை என்பதெல்லாம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"என்னா கேக்குது மாப்ள? சொல்லு."

சொன்னேன்.

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "குடுத்துருப்பாங்கன்னு சொல்லு."

"மாமா..."

"சொல்லு மாப்ள. பாவம், அது காத்துகினு இருக்குது."

"எஸ்" என்றேன் போனில். "கொடுத்திருப்பார்கள்."

அவள் மூச்சு விட்டது கேட்டது. பின்னால் யாரோ அவர்கள் மொழியில் கூப்பிட்டார்கள். திரும்பிப் பதில் சொன்னாள். பிறகு எனக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அணைந்துபோன திரையை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நம்பிடுச்சா?" என்று என்னைக் கேட்டார்.